சேமக்காலைச் சருகில் பகலில் பாடுவது

என் போன் அதிர்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவின் ஆண்டு நினைவுக்கு நானும் அம்மாவும் சேமக்காலைக்குப் போயிருந்தோம். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்தை அப்படித்தான் சொல்வோம். கல்லறைக்கு முன்னால் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியில் பைக்குள் கைவிட்டுப் போனைத் தொட்டுப் பார்த்தேன். அது சும்மா கிடந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. மெல்லிய, இடைவிடாத ஒரு 'ர்ர்ர்'. நிமிர்ந்து இருந்தால் ஊரோரத்து உப்புநீர் வாவியில் எங்கோ தூரத்தில் ஓர் இயந்திரத் தோணி போவதுபோல் கேட்டது. குனிந்தால் முழங்காலடியில் கேட்டது.

நல்ல வெயில். கச்சான் காற்று நாவல் மரத்தை உலுக்கி எங்கள் தலையில் சருகு கொட்டிக்கொண்டிருந்தது. சில்வண்டு இருட்டில்தான் கத்தும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். பல்கலைக்கழகத்திலும் அதை யாரும் மறுக்கவில்லை. இங்கே முற்பகலில், அப்பாவின் கல்லறைக்கும் வாவியோர வேலிக்கும் இடையில் கிடந்த சருகுக்குள், ஒன்று எந்த வெட்கமும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரிடுக்கில் இருக்கும் சுவர்க்கோழியின் குரல் அல்ல அது. அப்படியென்றால் யார்? அந்தக் கேள்வி வந்த இடத்திலேயே எனக்குச் செபமாலை முடிந்துவிட்டது.

குனிந்தேன். இன்னும் குனிந்தேன். கடைசியில் நெற்றி மண்ணில் முட்டியது.

"என்ன புள்ள, அப்பாவ நினைச்சு அழுறியா?" என்று அம்மா கேட்டார். குரலில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"இல்லம்மா. பூச்சி."

இரக்கம் போய்விட்டது. "அந்த மனிசன் இருந்த காலத்திலயும் நீ அவர்ர சொல்லுக் கேக்கல்ல. இப்ப படுத்துக் கிடக்கக்குள்ளயும் நிம்மதியா விடுறாயில்ல. எழும்பு, சட்டையெல்லாம் மண்."

அடுத்த நாளே திரும்பிப் போனேன். உயிரியலில் பட்டம் முடித்து, நியமனத்துக்குக் காத்திருக்கும் ஆள் நான். பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறேன். முற்பகல்கள் என்னுடையவை. 'இன்னும் ஒண்டும் கிடைக்கல்லயா?' என்று கேட்கும் சொந்தக்காரர் யாரும் சேமக்காலையில் உயிரோடு இல்லை என்பதும் அந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்.

அதைப் பிடிப்பது லேசான வேலை இல்லை. ஓர் அடி எடுத்து வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். காத்திருந்தால் திரும்பத் தொடங்கும், ஆனால் வேறு இடத்தில் தொடங்குவதுபோல் இருக்கும். அது இடம் மாறுவதில்லை. நம் காதுதான் ஏமாறுகிறது. கையால் சருகைக் கிளறிப் பார்த்துத் தோற்ற பிறகு, வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுபோனேன். அதை நிலத்தில் விரித்து, சருகை அள்ளி அள்ளிப் போட்டு, ஒவ்வோர் இலையாக எடுத்து உதறினால், ஒளிந்திருப்பதெல்லாம் வெள்ளையில் கறுப்பாக ஓடும். மரவட்டை, சிலந்தி, எறும்பு, பூரான். கடைசியில் அதுவும் வந்தது. துள்ளியது. யோகட் கோப்பையைக் கவிழ்த்து மூடினேன்.

அந்தக் கிழமையே ஊரில் கதை பரவிவிட்டது. ரியூசனுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட ஒரு தாய் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேமக்காலைக்குள்ள வெள்ளைச் சீலை விரிச்சு வச்சுக்கொண்டு இரிக்கிறாயாம். என்னகா அது, மந்திரமா?"

"பூச்சி பிடிக்கிறன், அக்கா."

"ஓ. அதுக்கு மந்திரமெண்டே சொல்லியிருக்கலாம்."

யாரும் பார்த்து அறியக்கூடிய விதத்திலேயே அதை இங்கே சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்வதை நம்பாதவர்கள் போய்ப் பார்க்கவேண்டும். நீளம் ஒரு நெல்மணியைவிடக் கொஞ்சம் கூட. தடிப்பு அதைவிடப் பல மடங்கு. நிறம் காய்ந்த நாவல் இலையின் நிறம், பக்கவாட்டில் கருமையான ஒரு பட்டி. தலை உடம்புக்குப் பெரிது. உணர்கொம்பு உடம்பைவிட நீளம். உடலெங்கும் குத்திட்டு நிற்கும் மயிர். பின்னங்கால்களில் நீண்ட முட்கள். முகத்துக்குக் கீழே விரல்கள்போலத் தொங்கும் சிறு உறுப்புகள் எந்த நேரமும் எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் நுனி வெள்ளை. சுண்ணாம்பில் தொட்டு எடுத்ததுபோல அப்படி ஒரு வெள்ளை. சருகோடு சருகாக உடம்பு மறைந்துபோனாலும் அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகள் ஆடுவது தெரியும். இப்போதெல்லாம் நான் பூச்சியைத் தேடுவதில்லை, அந்தப் புள்ளிகளைத்தான் தேடுகிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சிறகு. சுவர்க்கோழிக்கு முதுகை மூடும் சிறகு உண்டு. பெரும்பாலும் அதற்குக் கீழே மடித்த பின்சிறகு வால்போல நீட்டிக்கொண்டிருக்கும். இதற்குச் சிறகு வயிற்றின் பாதியோடு நின்றுவிடும், அரைக்கைச் சட்டை மாதிரி. கீழே பின்சிறகே கிடையாது. பறக்காது. காற்று தூக்கிக்கொண்டு போகும் என்றோ, விளக்குக்கு வரும் என்றோ எதிர்பார்க்க முடியாது. பிறந்த சருகுதான் அதற்கு உலகம். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்தது எல்லாம் இதனால்தான்.

படங்களை எடுத்து, பூச்சிகளை அடையாளம் சொல்லும் ஓர் இணையக் குழுவில் போட்டேன். முதலில் வந்தவர் ஊர்க்காரர்தான்: "அக்கா, அது கரப்பொத்தான்ட மச்சினன்." இரண்டாவது, கொழும்பில் இருக்கும் ஒருவர். அந்தக் குழுவில் அவர் சொன்னால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சாதாரண சுவர்க்கோழியின் குட்டி, சிறகு இன்னும் வளரவில்லை.

நான் அந்த வரியை வாசித்துவிட்டு எழும்பி நடந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினேன்: குட்டி பாடாது.

அதுதான் என் வாதம் முழுவதும். பாடுவது ஆண். ஒரு முன்சிறகின் அடியில் இருக்கும் நுண்ணிய பல்வரிசையை மற்றச் சிறகின் ஓரத்தில் உரசித்தான் அந்தச் சத்தம் வருகிறது. கடைசித் தோலை உரித்து முழுப் பூச்சியாகும்வரை அந்தக் கருவியே அதற்கு இல்லை. ஆகவே பாடுகிற ஒன்றைப் பார்த்து 'இன்னும் வளரவில்லை' என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அது வளர்ந்துவிட்டது. அதன் வளர்த்தி அவ்வளவுதான். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பட்டதாரிகளைப் பற்றியும் ஊரில் இதே மாதிரித்தான் பேசுகிறார்கள். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடவே வந்திருக்கலாம்.

அவர் விடவில்லை. பாடியது பக்கத்தில் இருந்த வேறொன்றாக இருக்கும், நீங்கள் பிடித்தது குட்டி என்றார். நியாயமான கேள்வி. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதால் அநியாயமாகிவிடாது. ஆகவே ஓர் ஆணைப் பிடித்து, யோகட் கோப்பையில் ஈரச் சருகும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் போட்டு, நுளம்பு வலைத் துண்டால் வாயைக் கட்டி, சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா கறிச்சட்டியை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"இத எடுக்கிறாயா, நான் சோத்த எடுக்கிறதா?"

"ஷ்ஷ். பாடப்போகுது."

"என்ட வீட்டில என்னையே சத்தம் போடாத எண்டுறாய்."

அது பாடியது. அரைச் சிறகு இரண்டையும் முதுகிலிருந்து தூக்கி, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் அதிரவிட்டு, அம்மாவின் கணவாய்க் கறிக்குப் பக்கத்தில் இருந்து பாடியது. சிறகு அசைவதும் சத்தமும் ஒன்றாகத் தெரியும்படி படம் பிடித்தேன். பின்னணியில் அம்மாவின் குரல், "இதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று கேட்பதும் பதிவாகியிருக்கிறது. வெட்டாமல் அப்படியே போட்டேன்.

கொழும்புக்காரர் பிறகு எழுதினார்: நிலத்தில் வாழும் சிறு சில்வண்டு வகையாக இருக்கலாம், படத்தை வைத்து அதற்கு மேல் சொல்லமுடியாது. 'மன்னிக்கவும்' இல்லை. பரவாயில்லை. அதற்கு மேல் என்னாலும் சொல்லமுடியாது. இனத்தின் பெயரை உறுதிசெய்ய உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் வேண்டும். தெரியாத பெயரை நான் அதன் தலையில் கட்டமாட்டேன். ஆனால் சுவர்க்கோழிக் குட்டி என்ற பெயரைக் கழற்றிவிட்டேன். அது போதும், இப்போதைக்கு.

வேறு எங்கே இருக்கிறது? அதுதான் அடுத்த கேள்வி. கிரான் ஊரில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவர்களுடைய வயல் வட்டையில் வரம்பு வரம்பாகத் தேடினோம். அங்கே சிறிய சில்வண்டு நிறைய உண்டு, ஆனால் அதற்கு முழுச் சிறகு, முகத்தில் வெள்ளைப் புள்ளி இல்லை, பாட்டும் விட்டு விட்டு வரும். களுதாவளைப் பக்கம் சவுக்கு மரங்களுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. ஊசி ஊசியான சருகு அதற்குப் பிடிக்காதுபோல. வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போய் மருத மரங்களுக்குக் கீழே விரிப்பை விரித்தேன். பூரான்தான் கிடைத்தது. ஆக, நான் தேடிய அளவில், அது இருந்தது எங்கள் சேமக்காலையின் வாவியோர மூலையில் மட்டும். நாவலும் பூவரசும் பலகாலமாகக் கொட்டிய சருகு அங்கேதான் மெத்தைபோலக் கிடந்தது. சேமக்காலையின் மற்றப் பகுதியெல்லாம் வெட்டவெளி, வெள்ளை மணல். வீட்டு நிழல் சுவர்க்கோழிக்கு, வரம்பு அந்த முழுச்சிறகுக்காரருக்கு, இந்த மூலை இதற்கு.

அந்த மூலையில் என் அப்பாவும் இருந்தார். சிக்கல் அங்கேதான்.

கார்த்திகை, அதாவது நவம்பர், தொடங்கியதும் இறந்தோர் தினம் வரும். அதற்கு முன் சேமக்காலையைத் துப்புரவாக்கவேண்டும். புல் பிடுங்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, புது மணல் பரப்பி, கூட்டிக் குவித்த சருகையெல்லாம் எரித்து, ஒரு துரும்பு இல்லாமல் வைப்பார்கள். அன்றைக்கு மெழுகுதிரி ஏற்ற வரும் சனம் கல்லறைகளைப் பார்ப்பதைவிட யார் வீட்டுக் கல்லறை எப்படிக் கிடக்கிறது என்பதைத்தான் பார்க்கும். சருகு கிடந்தால் கதை முடிந்தது.

"ஆளில்லாத கல்லறை எண்டுவாங்க" என்றார் அம்மா. "பட்டம் படிச்ச பொம்பிளப் புள்ள ஒண்டு வீட்டில இரிக்கக்குள்ள."

"அந்தப் பொம்பிளப் புள்ளதான் அத விடச் சொல்லுது."

"நீ செத்தாப் பிறகு உனக்குமேல எவ்வளவு சருகும் போட்டுக்கொள். அவருக்கு நான் உயிரோட இருக்கிறன்."

ஆனாலும் நான் விடவில்லை. சருகு அழுக்கு அல்ல. மரத்துக்குக் கீழே கிடப்பது அதன் இயல்பு. இலையைப் பார்த்தவுடன் விளக்குமாற்றைத் தூக்குவது சுத்தம் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்? சேமக்காலையில் மரித்தவர்களுக்கு மட்டும்தான் இடமா? ஞாயிறு பூசை முடிந்ததும் இதையெல்லாம் பாதரிடம் போய் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அது ஞானஸ்நானம் எடுத்த பூச்சியா?"

"பாதர், பகிடி விடாதங்க."

"பகிடி இல்ல. சனம் என்னட்ட வந்து கேக்கும், என்ன சொல்ல?"

"கடவுள் படைச்சது, வேற இடம் இல்ல எண்டு சொல்லுங்க. அதுக்குச் சிறகு பாதிதான். ஓட ஏலாது."

அவர் மடித்த அங்கியைக் கீழே வைத்தார். அப்பாவின் கல்லறைக்குப் பின்னால் வேலிவரை ஒரு துண்டை விடலாம் என்றார். கல்லறைகளைக் கூட்டலாம், அந்தத் துண்டை மட்டும் விடவேண்டும். இளைஞர் ஒன்றியத் தலைவரைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னார். அவன் என்னோடு ஒன்றாகப் படித்தவன்தான்.

"அந்த மூலையில சருகு இருக்கவேணும், அவ்வளவுதானே" என்று அவன் சிரித்தான். "நீ கவலப்படாத. நான் பாத்துக்கொள்றன்."

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டப் போய்விட்டார். முற்றம் ஏற்கெனவே கூட்டித்தான் இருந்தது.

ஊர் கூடித் துப்புரவாக்கும் சிரமதானத்தன்று காலையில் எனக்கு ஒரு மேலதிக வகுப்பு. பரீட்சை எழுதும் பிள்ளைகள், விடமுடியாது. முடித்துக்கொண்டு சைக்கிளில் ஓடிப்போனபோது வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. சேமக்காலை பளிச்சென்று இருந்தது. இளைஞர் தலைவன் வியர்வையோடு என்னைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"வா, வந்து பார். உனக்கு எவ்வளவு சருகு சேத்து வச்சிருக்கிறம் எண்டு."

அந்த மூலையைக் காணவில்லை. என் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு குவியல் இருந்தது. முழுச் சேமக்காலையின் குப்பையையும் வாரி, வண்டிலில் ஏற்றி, என் மூலையின் மேல் கொட்டியிருந்தார்கள். காய்ந்த மாலைகள், பிடுங்கிய புல், தென்னோலை, போன வருஷத்து மெழுகுதிரிக் கட்டைகள். ஒருவனுக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சருகு வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள், கொடுத்துவிட்டார்கள், தாராளமாக. கூட்டுவதற்கும் குவிப்பதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு காரியம் உண்டு, சும்மா விடுவது, என்பது எங்கள் ஆட்களுக்கு வரவே வராது.

"கிடந்தது கிடந்தபடி விடச் சொன்னதடா."

"கிடந்தது அங்கதான் கிடக்குது. அதுக்கு மேல கொஞ்சம் போட்டிருக்கிறம்."

அவனோடு கத்தி என்ன பயன்? குவியலை இறக்கவேண்டும். கை வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. மண்வெட்டியும் வண்டிலும் கோவிலடியில் இருந்தன. எடுத்துவரப் போனேன். திரும்பி வரும் பாதையிலேயே புகை தெரிந்தது.

மணியடிப்பது, திரி ஏற்றுவது, சேமக்காலைக் கதவைப் பூட்டுவது எல்லாம் பார்க்கும் எங்கள் கோவில் மூப்பர், வழக்கம்போல வந்திருக்கிறார். ஒரு குவியலைப் பார்த்திருக்கிறார். வழக்கம்போல நெருப்பு வைத்திருக்கிறார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்வதற்கு அவசியம் இருப்பதாக யாருக்கும் தோன்றவும் இல்லை. எங்கள் ஊரில் சருகுக் குவியல் என்று ஒரு பொருள் கிடையாது. அது எரிவதற்கு முந்திய நெருப்பு, அவ்வளவுதான்.

மண்வெட்டியால் ஓரத்தை இழுத்தேன். இளைஞர் தலைவன் விஷயம் விளங்கி, வாளியோடு வாவிக்கு ஓடினான். மற்றப் பையன்களும் ஓடினார்கள். மூப்பர் மட்டும் ஒன்றும் விளங்காமல் நின்று, "ஏன் மக்காள், நல்லாத்தானே எரியுது?" என்று கேட்டார். மெழுகுதிரிக் கட்டைகள் உருகி நெருப்புக்கு எண்ணெய் வார்த்தன. நாங்கள் அணைத்தபோது எரிவதற்கு அதிகம் மிச்சம் இருக்கவில்லை. ஒரு கறுப்பு வட்டம், கருகிய பூவரசு வேர், உப்புத் தண்ணீர் ஆவியாகும் மணம். நான் அந்த வட்டத்தின் ஓரத்தில் இருந்து காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சிறகு பாதியாக இருந்த எதுவும் அதிலிருந்து தப்பியிருக்காது.

"வேற இடத்தில இருக்கும்தானே" என்று இளைஞர் தலைவன் மெதுவாகச் சொன்னான்.

"எங்க? நீ காட்டு, நான் வாறன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய கைமயிர் கருகியிருந்தது. அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் கல்லறையைத் திரும்பிப் பார்த்தேன். அதைச் சுற்றி ஓர் இலையும் இல்லை. புது மணல் போட்டு, விளக்குமாற்றால் வரி வரியாகக் கோடு இழுத்திருந்தது. அந்தக் கோடு அம்மாவுடையது. எனக்குத் தெரியாமல் அதற்கு முதல் நாளே வந்து கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கூட்டினீங்களா?"

"கூட்டினன்."

"சந்தோசமா இப்ப? எல்லாம் எரிஞ்சு போச்சு."

அம்மா என் கையில் சாம்பலைப் பார்த்து, கிணற்றடியில் தண்ணீர் அள்ளி வைத்தார். இறந்தோர் தினத்தன்று மாலையில் இரண்டுபேரும் பேசாமல் போய்த் திரி ஏற்றினோம். வந்தவர்கள் எல்லாரும் அப்பாவின் கல்லறை வடிவாக இருக்கிறது என்றார்கள். எனக்குப் பின்னால் அந்தக் கறுப்பு வட்டம் இருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆளில்லாத இடத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

பிறகு மழை வந்தது. வாடை கொட்டினால் இங்கே வானம் கீழே இறங்கி வந்து வாவியோடு ஒட்டிக்கொள்ளும். இணையக் குழுவில் நடந்ததை எழுதினேன். கொழும்புக்காரர், இது கவலைக்குரியது, ஆனால் ஓர் இடத்துப் பதிவு மட்டும் இருந்தால் பதிவு பலவீனமானது என்றார். பலவீனமானதாம். நான் கணினியை மூடிவிட்டேன். அழவில்லை. இன்னும் எத்தனை சேமக்காலை, எத்தனை கோவில் வளவு, எத்தனை பூவரசு வேலி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் விரிப்பை விரிப்பதற்கு ஓர் ஆயுள் போதாது. ஆனால் தொடங்குவதற்கு ஒரு விரிப்புப் போதும்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு முற்பகல். அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"புள்ள," என்று கூப்பிட்டார். "உன்ட போன் இங்க எங்கயோ கிடந்து நடுங்குது. வந்து எடு."

போன் என் கையில் இருந்தது.

நான் எழும்பிப் போன வேகத்தில் கதிரை விழுந்தது. கிணற்றுக்குப் பின்னால் வாழைகள் நிற்கின்றன. அவற்றின் அடியில் சருகு கிடந்தது. வாழைச் சருகு இல்லை. நாவல் இலை, பூவரசு இலை. எங்கள் வளவில் நாவலும் இல்லை, பூவரசும் இல்லை.

"இது எங்கால வந்தது?"

அம்மா சேலையைப் பிழிந்தார். "அப்பாட கல்லறையில கூட்டினதும், பின்னால கிடந்ததும்தான். உரப் பையில அள்ளி, ஓட்டோவில போட்டுக் கொண்டந்தன். எரிச்சா நீ கத்துவாய். வாழைக்குப் பசளையாப் போகட்டும் எண்டு கொட்டினன்."

"ஏன் சொல்லல்ல?"

"நீ எப்ப என்னட்டக் கேட்ட? கூட்டினீங்களா எண்டுதான் கேட்ட. கூட்டினன். அதுக்கு மறுகா என்னோட கதைச்சியா?"

ஓட்டோக்காரர் அந்தப் பைகளைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று பிறகுதான் யோசித்தேன். அப்போது நான் வாழையடியில் குப்புறக் கிடந்தேன். நான் கிட்டப் போனதும் சத்தம் நின்றது, பழைய பழக்கம். காத்திருந்தேன். ஈர இலைக்குக் கீழே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் ஆடின. கோப்பை கைக்கு எட்டவில்லை, அம்மா சவர்க்காரக் கோப்பையைக் கழுவி நீட்டினார். அரைச் சிறகு. பின்சிறகு இல்லை. மயிரடர்ந்த உடம்பு, காலில் நீண்ட முள். அதேதான். வீட்டு வளவில் பிடித்ததால் கொழும்புக்காரர் திரும்பவும் சுவர்க்கோழிக் குட்டி என்பார். சொல்லட்டும். அது கோப்பைக்குள் இருந்து பாடிக்காட்டும்.

ஆனால் அது ஆண். பாடுவதெல்லாம் ஆண்தான். ஆண்கள் எத்தனை பாடினாலும் ஒரு பெண் இல்லாவிட்டால் இந்த மழையோடு கதை முடிந்துவிடும். பெண் பாடாது. இன்னும் சின்னச் சிறகு, உடம்பின் பின்னால் ஓர் ஊசி. அந்த ஊசியை மண்ணுக்குள் இறக்கி முட்டையை வைக்கும். சத்தத்தை வைத்துத் தேட முடியாது. சருகைப் பிரித்துத்தான் பார்க்கவேண்டும், ஒவ்வோர் இலையாக, அடியில் இருக்கும் மண்ணைக் குழப்பாமல்.

அதைத்தான் இனிச் செய்யப்போகிறேன். பெண் கிடைத்தால், மழைக்காலம் முடிந்து கறுப்பு வட்டத்தில் புதுச் சருகு விழுந்த பிறகு, ஒரு பகுதியை இங்கிருந்து உரப் பையிலேயே திருப்பிக் கொண்டுபோவேன். பாதரிடம் இந்த முறை வேறு மாதிரிக் கேட்பேன்: அந்தத் துண்டிலிருந்து எடுக்கவும் வேண்டாம், அதில் போடவும் வேண்டாம். மூப்பரிடம் நானே போய்ச் சொல்வேன். இளைஞர் தலைவன் கல் வைத்து எல்லை கட்டித் தருவதாக இருக்கிறான், கல்லோடு வேறு எதையும் கொண்டுவராவிட்டால் சரி. கல்லறையை அம்மா கூட்டுவார். அதற்குப் பின்னால் கை வைக்கமாட்டார். இது எங்கள் ஒப்பந்தம், கிணற்றடியில் பேசி முடித்தது.

பெண் கிடைக்காவிட்டால்? அப்போதும் விரிப்பு இருக்கிறது. வாவியின் மற்றக் கரையில் பெரும்பகுதி பாக்கி.

நாளைக்கு மழை விட்டால் முற்பகலிலேயே வாழையடியில் தொடங்குவேன். வெள்ளை விரிப்பைத் தேடி அலுமாரியைத் திறந்தேன்.

"அத எடுக்காத, அது புதுசு" என்று அம்மா குசினியிலிருந்து சொன்னார். "பழசு தோய்ச்சுக் காயப்போட்டிருக்கிறன். உனக்கெண்டுதான்."